சர்வர்களைக் காக்கும் பணி: நேர்காணலில் தேறுவோர் யார்?

புது தில்லி: குடிமைப் பணித் தேர்வுக்குப் பழைய ராஜேந்தர் நகர், பணியாளர் தேர்வாணையத் தேர்வுக்கு முகர்ஜி நகர் என்று தலைநகரில் படிப்பதற்கென்றே பேட்டைகள் உண்டு. பொறியியல் பட்டதாரிகளுக்கு ஐ.ஐ.டி.யை ஒட்டிய பேர் சராய், ஜியா சராய். கணினி படித்தவர்களின் இலக்குகளில் ஒன்று, லோதி சாலை சி.ஜி.ஓ. வளாகத்தில் உள்ள தேசிய தகவலியல் மையம். 1976-இல் தொடங்கப்பட்ட இம்மையம், அரசின் இணையதளங்களையும் தரவு மையங்களையும் பராமரித்து வருகிறது.

2023-இல் இம்மையம் 598 பணியிடங்களுக்கு விண்ணப்பம் கோரியது. அவற்றில் விஞ்ஞானி-பி 71. அறிவியல், தொழில்நுட்ப உதவியாளர் 331. எழுத்துத் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 120 வினாக்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். விஞ்ஞானி பணிக்கு நேர்காணல் உண்டு, உதவியாளருக்குக் கிடையாது. கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணல் தேவையில்லை எனப் பிரதமர் நரேந்திர மோடி 2015 சுதந்திர தின உரையில் கூறியதைத் தொடர்ந்து, 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசு அதைக் கைவிட்டது. சிபாரிசுக்குக் கதவடைத்த அளவில் இது நல்ல மாற்றமே. ஆனால், நள்ளிரவில் சர்வர் நின்றுபோனால் ஒருவர் முதலில் என்ன செய்வார் என்பதைக் கொள்குறி வினாத்தாள் சொல்லாது.

தனியார் நிறுவனங்களின் நேர்காணல்கள் அதைத்தான் சோதிக்கின்றன. அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி: வட்டில் பாதி இடம் காலியாக இருந்தும் புதிய கோப்பை உருவாக்க முடியவில்லை, ஏன்? லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோடு' என்ற பதிவு ஒன்று வேண்டும். பல கோப்பு முறைகளில் அவற்றின் எண்ணிக்கை வட்டைத் தயார் செய்யும்போதே முடிவாகிவிடும். சிறு கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்தால் இடம் மிஞ்சியிருக்க, பதிவுகள் தீர்ந்துவிடும். ரேஷன் கடையில் அரிசி இருந்தும் பதிவேட்டில் பக்கம் இல்லாத கதைதான். மற்றொன்று: பெரிய கோப்பை அழித்த பின்பும் இடம் விடுபடவில்லையே? ஏதோ ஒரு நிரல் அக்கோப்பை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது.

விடையை மனப்பாடம் செய்தவர்கள் அடுத்த கேள்வியில் சிக்கிக்கொள்கிறார்கள். எதைத் தொடுவதற்கு முன் எதைப் பார்ப்பீர்கள், ஏன் என்பதே அந்தக் கேள்வி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படித் தேடுவேன் என்று விளக்குபவருக்கு அங்கே மதிப்பு உண்டு. எனவே, பழைய கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி, தாமே கெடுத்துத் தாமே சீர்செய்து பழகுவதைவிடச் சிறந்த தயாரிப்பு இல்லை. காப்புப் பிரதி எடுப்பதோடு நில்லாமல், அதிலிருந்து மீட்டும் பார்த்திருக்க வேண்டும்.

இது ஏட்டுக் கேள்வி அல்ல. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்குதலுக்கு உள்ளாயின. வெளிநோயாளர் பதிவு முதல் ஆய்வகம் வரை காகிதத்துக்குத் திரும்ப, நோயாளிகள் வரிசையில் காத்துக் கிடந்தனர். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டதாகவும், சுமார் 1.3 டெராபைட் தரவு முடக்கப்பட்டதாகவும் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வலைப்பின்னலை முறையாகப் பிரித்து வைக்காததே காரணம் என்பதும் அரசின் பதிலே. பாதிப்புக்கு உள்ளாகாத ஒரு காப்பு சர்வரிலிருந்து தரவு மீட்கப்பட்டது. பெரும்பாலான சேவைகள் திரும்ப இரண்டு வாரங்கள் பிடித்தன. அந்த ஒரு சர்வரும் இல்லாதிருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும் என்பதை உறுப்பினர்கள் இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம்.

அரசு அலுவலகங்களின் சர்வர்களைக் கவனிப்பவர்கள் எல்லோரும் தேர்வெழுதி வந்தவர்களும் அல்லர். தேசிய தகவலியல் மையத்தின் கீழ் 1995-இல் அமைக்கப்பட்ட 'நிக்சி' நிறுவனம், பட்டியலிடப்பட்ட தனியார் முகமைகள் வழியாகத் துறைகளுக்கு ஆட்களை அளிக்கிறது. இவர்கள் வேலை பார்ப்பது அரசு அலுவலகத்தில். சம்பளம் தருவது முகமை. ஒப்பந்தம் முடிந்து நீட்டிக்கப்படாவிட்டால் அடுத்த முகமை, அடுத்த நேர்காணல். மீண்டும் அதே ஐநோடு கேள்வி.