எது வெடித்தது என்பது அப்புறம்

கிணத்துக்கடவு மேம்பாலத்துக்குக் கீழே நின்று டீ குடிக்கும்போது தூரத்தில் ஒரு ‘டொம்’ கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்குவாரி வெடி. டீ மாஸ்டர் ஆற்றுவதைக்கூட நிறுத்தமாட்டார். போன வாரம் அப்படி ஒரு சத்தம் அடங்கியதும், பக்கத்தில் வர்க்கியை நனைத்துத் தின்றுகொண்டிருந்த மளிகைக்கடைக்காரர் என்னைக் கேட்டார்:

“ஏனுங்க, அங்க வெடிக்கறதுக்கே எங்கூட்டுச் செவுத்துல விரிசல். நெசமா வீதிக்குள்ளயே ஒண்ணு வெடிச்சா எங்கள எங்க கொண்டுபோயி வெப்பாங்க? யாரு காசு குடுப்பாங்க?”

ஒரே மூச்சில் கேட்டாலும் இது இரண்டு கேள்வி. நம் ஊரில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், வீட்டைவிட்டு வெளியே நிற்கிறவர் கடைசிவரை வெளியிலேயே நிற்கிறார். இன்னொரு டீ சொல்லுங்கள், பிரித்துச் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையை எடுத்துக்கொள்வோம். 2023 ஜூலை 29, சனிக்கிழமை காலை. குடியிருப்புகளுக்கும் கடைகளுக்கும் நடுவே இருந்த பட்டாசுக் குடோன் வெடித்தது. 9 பேர் இறந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு முதலமைச்சர் 3 லட்சம், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம் என்று அறிவிப்புகள் உடனே வந்தன. அதன் பிறகு, வெடித்தது பட்டாசா, பக்கத்து ஓட்டல் சிலிண்டரா என்று ஒரு சர்ச்சை கிளம்பியது.

வெளியிலிருந்து பார்த்தால் அது அரசியல் சண்டை. சுவர் பிளந்த வீட்டுக்காரருக்கு அதுதான் பணம். ஏனென்றால் எது வெடித்ததோ, அதைப் பொறுத்துத்தான் காசு எந்தக் கதவு வழியாக வரும் என்பது முடிவாகிறது.

சிலிண்டர் என்றால் எண்ணெய் நிறுவனங்களின் காப்பீடு. நாம் பிரீமியம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. நிறுவனமே எடுத்து வைத்திருக்கிறது. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம். மருத்துவச் செலவு ஒருவருக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை. சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை. ஆனால் அந்த 2 லட்சம், இணைப்பு எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறதோ அந்த இடத்தில் நடந்த சேதத்துக்குத்தான். பக்கத்து வீட்டுச் சுவர் இந்தக் கணக்கில் வராது. விபத்து நடந்ததும் ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்கள்தான் மேலே கொண்டுபோக வேண்டும்.

பட்டாசு, ரசாயனம் மாதிரி அபாயகரமான சரக்கு என்றால் 1991-ல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். போபாலுக்குப் பிறகு பிறந்த சட்டம் இது. உரிமையாளர் தப்பு செய்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை, சேதம் நடந்தது என்று காட்டினால் போதும். மாவட்ட ஆட்சியரிடம் மனு, 5 ஆண்டுக்குள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் வந்தபோது தனியார் சொத்துச் சேதத்துக்கு வைத்த உச்சவரம்பு 6,000 ரூபாய். எத்தனை மூட்டை சிமென்ட் என்று மளிகைக்கடைக்காரரே கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாவது, மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. அதன் பட்டியலில் ‘தீ’ இருக்கிறது. ‘வெடிப்பு’ என்று தனியாக இல்லை. தீ விபத்து என்று எழுதினால் வழி திறக்கும். 2022-26 காலத்து விதிப்படி முழுக்க இடிந்த மெத்தை வீட்டுக்குச் சமவெளியில் 1.2 லட்சம். குறைந்தது 15 சதவீதம் சேதமானால் 6,500. அந்தச் சதவீதத்துக்குக் கீழே போனால் கையில் ஒன்றும் இல்லை. ஒரு விரிசல் எத்தனை சதவீதம் என்று எழுதுவது அதிகாரியின் பேனா.

இப்போது புரிகிறதா, ஏன் முதல் கேள்வியைத் தனியாகப் பிரிக்கச் சொன்னேன் என்று? ‘யார் காசு’ என்பதற்குத் தடயவியல் அறிக்கை வர வேண்டும், காப்பீட்டு சர்வேயர் வர வேண்டும், மாதக் கணக்கில் ஆகும். ‘இன்றைக்கு ராத்திரி எங்கே’ என்பதற்கு அந்த அறிக்கை எதற்கு?

அந்த ராத்திரியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். வெடித்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். கல்யாண மண்டபம் திறந்தாயிற்று. ஊர் நல்ல ஊர்; ஒரு மணி நேரத்தில் தக்காளி சாதம் வந்துவிடும், பழைய துணி மூட்டை மூட்டையாக வந்துவிடும். மூலையில் ஒரு அம்மா வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். கதவே இல்லை, சாவி இருக்கிறது. அவருக்கு வேண்டியது சோறு இல்லைங்க. காலையில் போட வேண்டிய சர்க்கரை மாத்திரை பிரிட்ஜ் மேலே இருக்கிறது. பேத்தியின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் பீரோவில் இருக்கிறது. கண்ணாடி டிவி பக்கத்தில். கொட்டாயில் மாடு. விடிகாலையில் கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். யார் என்ன தடுத்தாலும் நாலரை மணிக்கு அவர் கயிற்றைத் தாண்டிப் போவார். ஆபத்தைச் சொல்லி அவரை உட்காரவைக்க முடியாது, மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தால்தான் உட்காருவார்.

ஆகவே உதவப் போகிறவர்கள் துணி மூட்டையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு ஒரு மருந்துக்கடைக்காரரை அழைத்துப் போங்கள். நாப்கின், போன் சார்ஜர், புது லுங்கி, நைட்டி. தீயணைப்பு வீரர் துணையோடு வீட்டுக்கு ஒருவர், பத்து நிமிடம், மாத்திரையும் காகிதமும் பள்ளிப் பையும் எடுத்துவர அனுமதி கேட்டு வாங்குங்கள். காலி வீடுகளுக்குப் போலீஸ் காவல் கேளுங்கள். திருட்டுப் பயத்தில்தான் பாதிப்பேர் இடத்தைவிட்டு நகர மறுக்கிறார்கள்.

“அத்தன தூரம் எதுக்குங்க நகரணும்? வெடிச்சது வெடிச்சிருச்சு இல்ல?” என்றார் டீ மாஸ்டர்.

நியாயமான கேள்வி. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து சாக்கடையிலும் சம்ப்பிலும் படுத்துக்கொள்ளும். காற்றில் அது 2 சதவீதம் அளவுக்குக் கலந்திருந்தாலே ஒரு சுவிட்சின் பொறி போதும். 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் பக்கம் சாலாவில் டேங்கர் கவிழ்ந்து கசிந்த வாயு அக்கம்பக்கத்துக்குள் பரவித் தீப்பிடித்ததில் 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 3 விடிகாலை நம் கோவை அவினாசி ரோடு மேம்பாலத்தில் டேங்கர் கவிழ்ந்ததே, அன்றைக்குச் சுற்று வட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டது இதனால்தான். அன்று விடாமல் தண்ணீர் பீய்ச்சினார்கள், தீப்பிடிக்கவில்லை. அதனாலேயே நாம் அதை மறந்துவிட்டோம்.

எரிவாயு மட்டுமில்லை. இலங்கையில் கொஸ்கம பக்கம் சாலாவ என்று ஓர் ஊர். 2016 ஜூன் 5 மாலை அங்கே ராணுவ ஆயுதக் கிடங்கு வெடித்தது. இறந்தவர் ஒரு சிப்பாய். 6 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். ஒரு சாவு, ஆனால் ஊரே வெளியே. திரும்பி வந்தபோதும் வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு உலை வைக்க முடியவில்லை. தோட்டத்தில் கிடக்கும் இரும்பைத் தொடாதே, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதே என்று எச்சரிக்கைகள். கிணற்றைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஊரில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது தொண்டை கொஞ்சம் வறளத்தான் செய்கிறது.

அடுத்தது சுவர். திரும்பிப் போகலாமா என்பதை வீட்டுக்காரரோ கவுன்சிலரோ முடிவு செய்யக்கூடாது. பொதுப்பணித் துறைப் பொறியாளர் பார்த்து எழுதித் தர வேண்டும். பூச்சில் மட்டும் விழுந்த மயிரிழை விரிசல் வேறு. உள்ளே வெளியே இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரிகிற விரிசல் வேறு. சந்தேகமான விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிடுவார்கள். சில நாள் கழித்துக் கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். இரண்டு ரூபாய் வேலை. இதற்குத் தடயவியல் அறிக்கை வேண்டாம், நிதி வேண்டாம்.

என்னைக் கேட்டால் நம் நிர்வாகத்தின் பெரிய குறை பணம் குறைவு என்பதில்லை. சாவை எண்ணத் தெரிந்த அளவுக்கு, வெளியே நிற்பவர்களை எண்ணத் தெரியவில்லை. சேதப் பட்டியல் எடுக்க வி.ஏ.ஓ. வருகிற நாளில் வீட்டுக்காரர் மண்டபத்தில் இருப்பார், வீடு பூட்டியிருக்கும், பட்டியலில் பெயர் வராது. வாடகைக்கு இருப்பவர் பெயர் அனேகமாக வரவே வராது. விடுதி அறையில் தங்கி வேலை பார்க்கும் வடநாட்டுப் பையன்களை யார் கேட்கிறார்கள்? அதனால் மண்டபத்திலேயே ஒரு நோட்டுப் போட்டு, கதவு எண், குடியிருப்பவர், சொந்தக்காரர், ஆள் கணக்கு, மாடு கணக்கு எல்லாம் எழுதி, தாசில்தாரிடம் ஒரு நகல் கொடுத்துச் சீல் வாங்கிவிட வேண்டும். அதே கையோடு, எப்போது வீடு திரும்பலாம் என்பதற்கு ஒரு தேதியும். தெரியவில்லை என்றால், அடுத்து எப்போது சொல்வார்கள் என்ற தேதியாவது.

வேடிக்கை பார்த்த பிள்ளைகளும் தூங்காமல் கிடப்பார்கள், பெரியவர்களும்தான். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம். எரிவாயுக் கசிவுக்கு 1906. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

மளிகைக்கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு, தன் சிலிண்டர் இணைப்பு இன்னும் பழைய வாடகை வீட்டு முகவரியிலேயே இருப்பதாகச் சொன்னார். வீடு மாறி ஆறு வருடமாம். நீங்களும் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ரசீதை எடுத்து, அதில் இருக்கிற முகவரி நீங்கள் குடியிருக்கிற வீடுதானா என்று ஒருமுறை பாருங்கள்.