உங்களுக்குத் தெரியுமா? இழைக்கு ஒரே ஒரு சுட்டிதான்

சி மொழியில் புதிய இழையைத் தொடங்கும் ‘பிதிரெட்_கிரியேட்’ சார்பு, அந்த இழைக்கு ஒரே ஒரு வாய்ட் சுட்டியைத்தான் கொடுக்கும். 1995ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரம் வகுத்த முறை இது. சி11 தரத்தின் இழை நூலகமும் இதையே பின்பற்றுகிறது. பல மதிப்புகளை அனுப்ப, அவற்றை ஒரு ஸ்ட்ரக்டில் அடக்கி அதன் முகவரியைத் தர வேண்டும்.

ஆஸ்லோ மெட்ரோ தடங்களைக் காட்டும் நிரல் ஒன்றில், தட எண் 3, கடைசி நிலையம் மோர்டென்ஸ்ருட் ஆகிய இரண்டும் இப்படி ஒரே ஸ்ட்ரக்டில் செல்லலாம். தடத்துக்கு ஓர் இழை என்றால், ஒவ்வோர் இழைக்கும் தனி ஸ்ட்ரக்ட் தேவை. ஒன்றையே லூப்பில் மாற்றி மாற்றி அனுப்பினால், முதல் இழை படிக்கும் முன்பே மதிப்பு மாறிவிடக்கூடும். இழை படித்து முடிக்கும்வரை அந்த நினைவகம் விடுவிக்கப்படாமலும் இருக்க வேண்டும்.