சிக்னல் முழுதாக இருந்தும் இணையம் ஏன் தயங்குகிறது?
மருத்துவமனை வைஃபை குறித்து நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும்

காலை பத்து மணி. புறநோயாளிகள் பிரிவில் இருக்கைகள் நிறைந்துவிடுகின்றன. மருந்தகத்தின் முன் நிற்பவர்கள் கைப்பேசி வழியே பணம் செலுத்த முயல்கிறார்கள். மேல்தளத்தில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் தாயுடன் வெளியூரிலிருந்து பேசும் மகனின் முகம் திரையில் பாதிச் சொல்லோடு உறைந்து நிற்கிறது. வைஃபை குறியோ முழுமையாக ஒளிர்கிறது. “சிக்னல் இருந்தும் ஏன் கிடைக்கவில்லை?” என்று எங்களிடம் பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் சிக்னல் குறைவன்று, கூட்டம் ஓரிடத்தில் குவிவதே.

காஞ்சிபுரத்தாருக்கு இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள்கள், வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் காட்சியளித்தார். 1979-க்குப் பின் 40 ஆண்டுகள் கழித்து வந்த தரிசனம் என்பதால் ஊர் கொள்ளாத கூட்டம். நெரிசலில் உயிர்களையும் இழந்தோம். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் போலவே, அவர்கள் எந்த நேரத்தில் எந்த வழியில் குவிகிறார்கள் என்பதும் முக்கியம் என்பதை அந்நாள்கள் நமக்குக் கற்பித்தன.

தேர்வு கைப்பேசியுடையது

மருத்துவமனைக் கூரைகளில் சிறு வெள்ளைப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை ஆக்சஸ் பாயிண்ட் என்பார்கள். எந்தப் பெட்டியோடு சேர்வது என்பதைப் பெட்டி முடிவு செய்வதில்லை; உங்கள் கைப்பேசியே முடிவு செய்கிறது. அதுவும் பெரும்பாலும் சிக்னலின் வலிமையைக் கொண்டுதான். அங்கே ஏற்கெனவே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை அது பெரிதாகக் கருதுவதில்லை.

இதனால் வரவேற்பறைப் பெட்டியில் கூட்டம் சேர்கிறது. அடுத்த நடைவழியில் உள்ள பெட்டி சும்மா இருக்கிறது. மற்றொரு சிக்கலும் உண்டு. வரவேற்பறையில் இணைந்த கைப்பேசி, நீங்கள் வார்டுக்குச் சென்ற பின்னும் பழைய பெட்டியையே பற்றிக்கொண்டிருக்கலாம். இடையில் ஊடுகதிர் அறை இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கதிர்வீச்சைத் தடுக்க அச்சுவர்களில் பதிக்கும் ஈயம் வைஃபை அலைகளையும் தடுக்கிறது.

ஒருவர் பேச, மற்றவர் காத்திருக்க

ஒரு பெட்டியின்கீழ் உள்ள கைப்பேசிகள் பொதுவாக ஒன்றன்பின் ஒன்றாகவே பேச முடியும். ஒவ்வொன்றும் முதலில் செவிமடுத்து, காற்று அமைதியாக இருந்தால் மட்டுமே தன் செய்தியை அனுப்பும். தொலைவிலிருந்து மெல்லிய சிக்னலில் பேசும் கைப்பேசி மிக மெதுவாகப் பேசும். அதன் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், ஒரு நொடியில் முடிய வேண்டிய வேலைக்குப் பத்து நொடி ஆகும். அந்தப் பத்து நொடியும் மற்ற அனைவரும் காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் பெட்டிகளைப் பெருக்கிவிடலாமே என்று தோன்றும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இயங்கக்கூடிய சேனல்கள் மூன்றே: 1, 6, 11. நெருக்கமாக வைத்த பெட்டிகள் ஒரே சேனலில் அமைந்தால் அவையும் ஒன்றுக்கொன்று காத்திருக்கும். உணவகத்தின் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ இதே அலைவரிசையில் இயங்குவதால் அதன் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம். ஆனால் அவ்வலைகள் சுவர்களைக் கடக்கையில் எளிதில் வலுவிழக்கின்றன. ஒவ்வொரு பெட்டியின் ஆற்றலையும் உயர்த்துவதும் தீர்வாகாது. தொலைவில் உள்ள கைப்பேசிகளையும் அது தன்பால் இழுத்துக்கொள்ளும்.

சமமாகப் பிரித்தால் போதுமா?

தலைக்கணக்கில் பிரிப்பதும் முழுத் தீர்வன்று. புறநோயாளிகள் பிரிவில் முப்பது கைப்பேசிகள் சட்டைப்பையில் உறங்கிக்கொண்டிருக்கலாம். டயாலிசிஸ் பிரிவிலோ பத்துப் பேர் ஏறத்தாழ நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அவர்களுக்குத் திரைப்படமே துணை. பத்து என்பது முப்பதைவிடப் பெரிய சுமையாகும் இடம் அது. ஆகவே எத்தனை கைப்பேசிகள் என்பதோடு, காற்று எவ்வளவு நேரம் நிறைந்திருக்கிறது என்பதையும் கணக்கிட்டே பெட்டிகளை அமைக்க வேண்டும்.

நிரம்பிய பெட்டி, புதிதாக வரும் கைப்பேசிக்குச் சற்று நேரம் பதில் சொல்லாமல் இருந்து, அது வேறு பெட்டியை நாடச் செய்யும். 2008-இல் வந்த 802.11கே, 2011-இல் வந்த 802.11வி ஆகிய தரங்கள் இதற்கு நயமான வழியைத் தந்தன. முதலாவது அருகிலுள்ள பெட்டிகளின் பட்டியலைக் கைப்பேசிக்குத் தர உதவுகிறது. இரண்டாவது, “அங்கே செல்லலாம்” என்று பரிந்துரைக்க உதவுகிறது. அது பரிந்துரையே, ஏற்பதும் மறுப்பதும் கைப்பேசியின் விருப்பம். பழைய கைப்பேசிகள் பலவற்றுக்கு அம்மொழியே தெரியாது.

செவிலியர் கையிலுள்ள கருவிக்கும் ஆய்வக முடிவுகளுக்கும் தனி வலையமைப்பு உண்டு. வேறு பெயர், வேறு கடவுச்சொல். ஆனால் காற்று ஒன்றே. அவசியமானவற்றுக்கு முன்னுரிமை அளிக்கும் ஏற்பாடு இருந்தாலும், நெரிசல் குறையக் குறையவே அதன் பயன் முழுமையாகும். உங்கள் ஒத்துழைப்பை நாங்கள் நாடுவது இதனால்தான்.

நீங்கள் செய்யக்கூடியவை

• வரவேற்பறையிலிருந்து வார்டுக்கோ, ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்கோ சென்றதும் வைஃபையை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்குங்கள். கைப்பேசி அருகிலுள்ள பெட்டியைப் புதிதாகத் தேடும்.

• வைஃபை பட்டியலில் ‘5ஜி’ என்று முடியும் பெயர் தென்பட்டால் அதைத் தேர்ந்தெடுங்கள். அது 5 கிகாஹெர்ட்ஸைக் குறிக்கிறது. கைப்பேசி நிறுவனங்களின் 5ஜி சேவை வேறு.

• வார்டுக்குள் ஹாட்ஸ்பாட் இயக்குவதைத் தவிருங்கள். அதுவும் அதே சேனல்களில் பேசும்.

• டயாலிசிஸுக்கு வருவோர் பார்க்க விரும்பும் படங்களை வீட்டிலேயே பதிவிறக்கி வரலாம்.

• வெளியூர் உறவினருடனான காணொளி அழைப்பைக் காலை நெரிசல் தணிந்த பின் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவருடன் உடனே பேச வேண்டிய அழைப்பாயின் செவிலியரிடம் சொல்லுங்கள். நெரிசல் குறைந்த இடத்தைக் காட்டுவார்கள்.

உடல்நிலையில் திடீர் மாற்றம் தெரிந்தால் கைப்பேசியைத் தேட வேண்டாம். படுக்கையருகே உள்ள அழைப்பு மணியை அழுத்துங்கள்.

ஒருவர் தம் கைப்பேசியை அருகிலுள்ள பெட்டிக்கு மாற்றும்போது, பழைய பெட்டியில் சிறிது இடம் விடுகிறது. அவ்விடத்தில் அடுத்த படுக்கையிலிருக்கும் ஒரு தாய் தம் மகனோடு பேசி முடிக்கக்கூடும்.