பெருங்குடல் பக்கப்பை நோய்

பெருங்குடல் பக்கப்பை நோய் அல்லது டைவர்ட்டிகுலர் நோய் என்பது, குடலின் தசைச்சுவரில் இரத்தக்குழாய்கள் நுழையும் வலுக்குறைந்த இடங்கள் வழியே உட்சவ்வு சிறு பைகளாகப் பிதுங்குவதாகும். பெரும்பாலோர்க்கு அறிகுறி எதுவும் தோன்றுவதில்லை. பை அழற்சியுற்றால் வயிற்றுவலியும் காய்ச்சலும் உண்டாகும். மேலைநாடுகளில் வலி பெரும்பாலும் இடது அடிவயிற்றில் எழும். ஆசியாவில் வலப்பக்கப் பைகளும் பரவலாகக் காணப்படுவதால், குடல்வால் அழற்சி எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. சி.டி. ஸ்கேன் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

வயிறு பலகைபோல் இறுகினாலோ, மலத்துடன் இரத்தம் மிகுதியாகப் போனாலோ அது அவசரநிலையாகும். ஒத்தக்கடை வட்டாரத்தினர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்லவேண்டும். இலேசான அழற்சி சிலநாள் நீர்ம உணவிலேயே தணியலாம். எல்லோர்க்கும் நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படுவதில்லை என்றாலும், அதனை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவரே. குணமானபின் கம்பு, கேழ்வரகு, கீரை முதலிய நார்ச்சத்து உணவுகளைப் படிப்படியாகக் கூட்டலாம். கடலை, விதைகளை அறவே விலக்குவது பழைய வழக்கம். அமெரிக்க ஆண்களிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வில், கொட்டைகளும் சோளப்பொரியும் உண்டவர்களுக்கு இந்நோய் கூடுதலாக வரவில்லை.