கல்லில் ஒரு சிலுவை, கழுத்தில் ஒரு மின்னு

முகூர்த்த நாள் வந்துவிட்டால் நம் திருப்பரங்குன்றத்தில் கடைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிராது. முருகப்பெருமான் தெய்வானையை மணந்த தலமல்லவா! தேங்காய், வெற்றிலை பாக்கு, விரலி மஞ்சள், மஞ்சள் கயிறு என்று விற்றுக்கொண்டே இருக்கிறோம்.

அப்படி ஒரு நாள் நம் உறுப்பினர் ஒருவரின் மளிகைக் கடைக்கு ஓர் அம்மா வந்தார். கோட்டயத்திலிருந்து வந்து மதுரையில் குடியேறிய சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். மகன் கல்யாணத்துக்குச் சாமான் வாங்கியவரிடம், “கயிறும் வைக்கட்டுமா அம்மா?” என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர். “கயிறு வேண்டாம் அண்ணாச்சி. கல்யாணப் பட்டுலேர்ந்து ஏழு நூல் உருவி, அதைத் திரிச்சுத்தான் நாங்க மின்னு கோப்போம்” என்று பதில் வந்தது. மின்னு என்றால் என்ன என்று அவர் நம்மைக் கேட்டார். விசாரிக்கப் போனால், அது வணிகர்களாகிய நம்மோடு சம்பந்தப்பட்ட கதையாக இருக்கிறது.

பரங்கிமலைக் கல்

சென்னைக்கு அருகே பரங்கிமலை என்கிற புனித தோமையார் மலை உள்ளது. நம் பரங்குன்றத்துக்கும் அதற்கும் பெயர் ஒலியில்தான் ஒற்றுமை. 1547இல் அங்கே போர்த்துக்கீசியர் கோயில் கட்ட மண்ணைத் தோண்டியபோது சிலுவை செதுக்கிய கருங்கல் பலகை ஒன்று கிடைத்தது. இன்றும் அந்த ஆலயத்தின் பீடத்தில் அதைக் காணலாம். சிலுவையின் முனைகள் மொட்டுப் போல விரிந்திருக்கின்றன. மேலே ஒரு புறா இறங்குகிறது. இரு பக்கமும் தூண்கள், தூண்களின் மேல் நம் கோயில்களில் காணும் மகரங்கள். சுற்றிலும் ஓடும் எழுத்து, பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. இதை 1873இல் பர்னெல் என்ற ஆங்கில அறிஞர் ஆராய்ந்து வெளியிட்டார். கோட்டயம் வலியபள்ளியிலும் இதே வகைச் சிலுவைகள் உள்ளன. எழுத்து கடல் கடந்து வந்தது. மகரம் இந்த மண்ணின் சிற்ப மரபு.

கடலுக்கு அப்பால் அயர்லாந்திலும் ஏறத்தாழ அதே நூற்றாண்டுகளில் கல் சிலுவைகள் எழுந்தன. மொனாஸ்டர்பாய்ஸ் என்ற ஊரில் உள்ள ஒன்று 5 மீட்டருக்கும் மேல் உயரம். சிலுவையின் நடுவே ஒரு வட்டம் இருப்பது அந்நாட்டு அடையாளம். அந்த வட்டச் சிலுவை இன்று சங்கிலிப் பதக்கமாக உலகெங்கும் விற்பனையாகிறது. கல்லில் இருந்தது கழுத்துக்கு வந்தது நம் நாட்டில் மட்டும் அல்ல.

தராசு யார் கையில்?

பாரசீகக் கிறிஸ்தவர்கள் நம் கரைக்கு வந்ததில் வணிகத்துக்குப் பெரும் பங்குண்டு. இதற்குச் சான்று கொல்லத்தில் கி.பி. 849இல் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு. சேர மன்னர் தாணு ரவியின் காலத்தில், வேணாட்டு அதிபர் அய்யனடிகள் திருவடிகள், சபீர் ஈசோ என்பவர் நிறுவிய தரிசாப்பள்ளிக்கு அளித்த உரிமைகள் அதில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரு வணிகக் குழுக்களின் பெயர்களும் வருகின்றன. இவை அந்தக் காலத்து வணிகர் சங்கங்கள் என்றே சொல்லலாம். சாட்சிகள் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த உரிமைகளில் எடை, அளவு முறைகளைப் பேணும் பொறுப்பும் அடக்கம். மிளகு கப்பலேறிய ஊரில் தராசை ஒரு கூட்டத்தாரிடம் ஒப்படைப்பது சாதாரண விஷயமா? வந்து குடியேறியவர்களை நம்பித் தராசைக் கொடுத்தார்கள் என்றால், அவர்களின் நாணயம் எப்படி இருந்திருக்க வேண்டும்!

இலையில் ஒரு சிலுவை

இனி மின்னுக்கு வருவோம். சிறு இலை வடிவில் ஒரு பொன் தாலி. அதன் மேல் பொடிப் பொடியான பொன்மணிகளால், பெரும்பாலும் ஏழு மணிகளால், ஒரு சிலுவை. மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பட்டுக்கு மந்திரகோடி என்று பெயர். அதிலிருந்து எடுத்த நூலில் கோத்து மணமகள் கழுத்தில் கட்டுவார்கள். பின்னர் பொற்சங்கிலியில் மாற்றிக் கொள்வதுண்டு. தாலி இந்த மண்ணின் வழக்கம், சிலுவை அவர்கள் சமய அடையாளம். பரங்கிமலைக் கல்லில் மகரமும் சிலுவையும் சேர்ந்தது போலவே இங்கும் இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

தமிழ்க் கிறிஸ்தவர் தாலிக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் தாலியை ஏற்றுக்கொண்டது பற்றிப் பெரும் விவாதம் நடந்தது. போப்பின் தூதராகப் புதுச்சேரி வந்த தூர்னோன், 1704இல் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைத் தடுத்து, சிலுவை முதலிய உருவங்கள் கொண்ட தாலியை அணியலாம் என்று ஆணையிட்டார். தாலி நிலைத்தது, அதன் மேலிருந்த உருவம் மாறியது.

நமக்கு என்ன பாடம்?

தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. ஆனால் அந்த ஆணை 2 கிராமுக்குக் குறைந்த பொருள்களுக்கு விலக்கு அளித்தது. மின்னும் சிறு தாலிகளும் பல நேரம் அந்த எடைக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு பெண் வாழ்நாள் முழுவதும் கழற்றாத நகை அது. முத்திரை இல்லாமல் வாங்கும்போது அதன் மாற்றுக்குக் கடைக்காரர் சொல்லும் வார்த்தைதான் சாட்சி. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடை நண்பர்கள் இதை நன்கு அறிவார்கள்.

மளிகைக் கடையிலும் இதே நிலைதான். மூட்டைக்கு எடைச் சீட்டு உண்டு. நூறு கிராம் மிளகுக்கோ, ஐந்து ரூபாய்ப் பொட்டலத்துக்கோ யார் சீட்டுக் கேட்கிறார்கள்? சிறு எடையில்தான் வாடிக்கையாளர் நம்மை முழுதாக நம்புகிறார்.

அந்த அம்மாவிடம் நம் உறுப்பினர் கயிற்றைத் திணிக்கவில்லை. வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வேண்டியதை மட்டும் சரியாக நிறுத்துக் கொடுத்தனுப்பினார். அடுத்த மாதமும் அவர் அதே கடைக்கு வந்தாராம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கொல்லத்தில் தராசைப் பிடித்தவர்களும் இப்படித்தான் பேர் வாங்கியிருப்பார்கள். வாடிக்கையாளரின் வழக்கத்தை மதிப்போம், தராசின் முள்ளை நேராக நிறுத்துவோம்.