விடியுமுன் புறப்படும் பிள்ளைகள்

பாடசாலை மணி காலை 7.30க்கு அடிக்கிறது. பக்கத்தில் வசிக்கும் பிள்ளைக்கு இது வசதியான நேரம். சொந்தக் காணியை விட்டு இடம்பெயர்ந்து, பாடசாலைக்கு நான்கைந்து மைல் தள்ளிக் குடியிருக்கும் பிள்ளைக்கோ நாள் 5 மணிக்கே தொடங்கிவிடுகிறது. தண்ணீர் அள்ளி, மாட்டை மாற்றிக் கட்டிய பின்னரே அப்பிள்ளை நடக்கத் தொடங்குகிறது.

கடிகார நேரம் மனிதர் வகுத்தது. 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக இலங்கையின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணித்தியாலம் 2006 ஏப்பிரல் வரை நீடித்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிப் பகுதிகளில் பழைய நேரமே புழக்கத்தில் இருந்தது.

புதிய நேரம் வந்தபோது கமக்காரர் வெயிலைப் பார்த்தே வயலுக்கு இறங்கினர். பாடசாலை மணியோ கடிகாரத்தைப் பின்பற்றியது. தை மாதத்தில் வடபகுதியில் ஏறத்தாழ 6.30க்கு உதிக்கும் சூரியன், அந்தக் கடிகாரத்தில் 7 மணிக்கு உதித்தது. தூரத்துப் பிள்ளைகள் இருட்டில் நடந்தார்கள். பழைய நேரத்துக்குத் திரும்பியபோது சொல்லப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைக்கு 9 முதல் 12 மணித்தியால நித்திரை தேவை என்கின்றனர் மருத்துவர்கள். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும். அந்த வயதில் நித்திரை வருவதும் இயல்பாகவே பிந்தும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உயர்நிலைப் பாடசாலைகள் 8.30க்கு முன் தொடங்கக் கூடாதென்ற சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அங்கும் கிராமப்புறப் பாடசாலைகளுக்கு விலக்களிக்கப்பட்டது.

எங்கள் வெயிலில் மணியைப் பிந்திப் போடுவதும் இலகுவல்ல. பிந்தித் தொடங்கினால் வீடு திரும்பவும் பிந்தும்; பின்னேரத் தோட்ட வேலைக்குப் பிள்ளையின் உதவியும் குறையும். ஆயினும் நாம் செய்யக்கூடியவை உண்டு.

பத்து வயதுப் பிள்ளை 5 மணிக்கு எழும்புவதானால் இரவு 8 மணிக்குள் படுக்கட்டும். காலை வேலைகளைப் பெரியவர்கள் பகிர்ந்துகொள்ளட்டும். அயலவர் பிள்ளைகளைக் கூட்டாக அனுப்பலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கிறது என்று எழுதிக் கொடுத்து, காலை பஸ் சேவையையும் கேட்போம்.

பிந்தி வந்ததற்காகப் படலையில் நிறுத்தி வைக்கப்படும் பிள்ளை, சில நாட்களில் வராமலே நின்றுவிடும். தூரத்துப் பிள்ளையை வகுப்புக்குள் விடும்படி அதிபரிடம் கேட்பது பெற்றோரின் உரிமை. அதைத் தனியே கேட்கத் தயங்குவோர் சேர்ந்து போய்க் கேளுங்கள்.