திசைவியில் முன்னுரிமை
இணைப்பின் கொள்ளளவை மீறித் தரவுப் பொட்டலங்கள் வந்து குவியும்போது, திசைவி அவற்றை வரிசையில் நிறுத்துகிறது. மின்னஞ்சல் சற்றுத் தாமதித்தாலும் பயன் குன்றாது. குரல் உரையாடலோ ஒருவழியில் 150 மில்லி நொடிக்கு மேல் தாமதித்தால் இயல்பு கெடத் தொடங்கும். எனவே, சேவைத்தரக் கொள்கை மூன்று படிகளில் அமைக்கப்படுகிறது. முதலில், பொட்டலங்கள் வகைப்படுத்தப்படுகின்றன. அடுத்து, ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் 0 முதல் 63 வரையிலான குறியெண்களுள் ஒன்று இடப்படுகிறது. குரலுக்குரியது பொதுவாக 46. இறுதியாக, குறியெண்ணுக்கேற்ற வரிசையும் கொள்ளளவில் பங்கும் ஒதுக்கப்படுகின்றன.

குரல் வரிசையே முதலில் அனுப்பப்படும். ஆயினும், அதற்கும் உச்சவரம்பு வேண்டும். இல்லையேல் பிற வரிசைகள் வழியின்றித் தேங்கிவிடும். இக்கொள்கையால் இணைப்பின் கொள்ளளவு கூடுவதில்லை. ஆகவே, எல்லாப் பொட்டலங்களுக்கும் 46 எனக் குறியிட்டால், கொள்கையே இல்லாத பழைய நெரிசல்தான் எஞ்சும்.